முழங்கால் மூட்டுத் தேய்வும் சிகிச்சையாளர் பயிற்சியும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப் பணியாற்றி வரும் ஒரு சங்கத்தின் விழாவில், மருத்துவத் துறையைப் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். மருத்துவம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர்களின் மனத்தில் டாக்டர் படிப்பும் செவிலியர் படிப்பும்தான் தோன்றுகின்றன. பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆகவே அத்துறையில் நிகழ்ந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். டென்மார்க் நாட்டில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட முயற்சி அது. முழங்கால் மூட்டுத் தேய்வு நோய்க்குப் புதியதொரு முறையில் சிகிச்சை வழங்குவதற்காக, அந்நாட்டின் இயன்முறைச் சிகிச்சையாளர்களுக்கு எவ்வாறு பயிற்சி அளித்தார்கள் என்பதே என் பேச்சின் பொருள்.

எங்கோ உள்ள டென்மார்க்கின் செய்தி நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர், தரையிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நோயின் தன்மை

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 59.5 கோடி மக்கள் மூட்டுத் தேய்வு நோயோடு வாழ்ந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இந்நோய் மிகுதியாகத் தாக்கும் இடம் முழங்கால். வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியவை இதற்குக் காரணங்களாகின்றன. செய்யும் தொழிலும் ஒரு காரணம். நெடுநேரம் குத்துக்காலிட்டு அமர்ந்தும், மண்டியிட்டும், பெருஞ்சுமை தூக்கியும் உழைப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. களை எடுப்பவருக்கும், செங்கல் சுமப்பவருக்கும், மூட்டை தூக்குபவருக்கும் இதனை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையில்லை.

மூட்டில் இரண்டு எலும்புகள் கூடும் இடத்தை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்குள் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தியும் விரிந்தும் மூட்டு நீரிலிருந்து தனக்கு வேண்டிய ஊட்டத்தை அது பெற்றுக்கொள்கிறது. ஆகவே அசைவே அதற்கு உணவு வரும் வழியாகும். இந்நோயில் குருத்தெலும்பு மெலிகிறது. அடியிலுள்ள எலும்பும், மூட்டைச் சூழ்ந்த சவ்வும் மாறுதல் அடைகின்றன. தொடைத் தசைகள் வலுவிழக்கின்றன. மூட்டு முழுவதையும் பற்றிய நோய் என்றுதான் இன்றைய மருத்துவம் இதனைக் கருதுகிறது. எக்ஸ்ரே படத்தில் தேய்வு மிகுதியாகத் தெரிந்தும் வலியின்றி நடமாடுவோர் உண்டு. படத்தில் சிறிதளவே தெரிந்தும் படியேற முடியாமல் வருந்துவோரும் உண்டு.

“தேய்ந்துவிட்டது” என்னும் சொல் நோயாளியின் மனத்தில் ஒரு படத்தை வரைந்துவிடுகிறது. வண்டியின் அச்சு ஓட ஓடத் தேய்வதைப்போலத் தம் முழங்காலும் நடக்க நடக்கத் தேய்ந்து போகும் என்று அவர் நம்பிவிடுகிறார். எனவே நடையைக் குறைக்கிறார். நடை குறையவே தசை மெலிகிறது. தசை மெலியவே மூட்டின்மேல் தாக்கம் கூடுகிறது. வலி மிகுகிறது, மிகுந்த வலி நடையை மேலும் குறைக்கிறது. “ஓய்வாக இருங்கள்” என்னும் அறிவுரை இச்சுழலைப் பெருக்குகின்றது. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கோ அவ்வறிவுரையைக் கடைப்பிடிக்கவும் வழியில்லை. வேலைக்குச் சென்றால் மூட்டைக் கெடுத்துக்கொள்கிறோம் என்ற அச்சம். செல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற கவலை. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் பெண்களே. ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகின்றது.

ஏட்டிலிருந்த அறிவும் நடைமுறையும்

டென்மார்க் அரசின் சுகாதாரத் துறை, முழங்கால் மூட்டுத் தேய்வுக்கான வழிகாட்டு நெறிகளை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, தேவைப்படுவோருக்கு எடைக் குறைப்பு ஆகிய மூன்றும் முதற்கண் அளிக்கப்பட வேண்டும். பிறகே மற்ற சிகிச்சைகள் என்பது அதன் சாரம். உலகின் பல நாடுகளிலும் வழிகாட்டு நெறிகள் இவ்வாறே கூறுகின்றன. எடையைப் பற்றி ஓர் ஆய்வு தந்த கணக்கு நினைவில் கொள்ளத்தக்கது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமையில் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் நடைமுறை வேறாக இருந்தது. பல நோயாளிகள் பயிற்சி என்னும் படியைத் தாண்டி, வலி மாத்திரைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் சென்றுகொண்டிருந்தனர். பயிற்சி பெற்றவர்களுக்கும் ஒருவர் ஒரு விதமாகவும் மற்றொருவர் வேறு விதமாகவும் கற்பித்தனர். எந்த முறை எவ்வளவு பயன் தந்தது என்பதற்குப் பொதுவான கணக்கு எதுவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கோடு, தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவா ரூஸ், சோரன் ஸ்கோவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் ஒரு திட்டத்தை வகுத்தனர். இருவரும் இயன்முறைச் சிகிச்சை பயின்றவர்களே. “டென்மார்க்கில் மூட்டுத் தேய்வோடு நல்வாழ்வு” என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைச் சேர்த்து, “கிளாட்” என்று அதற்குப் பெயரிட்டனர். அச்சொல்லுக்கு ஆங்கிலத்திலும் டேனிஷ் மொழியிலும் மகிழ்ச்சி என்று பொருள். அண்டை நாடான ஸ்வீடனில் 2008ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த இதனையொத்த ஒரு திட்டத்தின் அனுபவமும் அவர்களுக்குத் துணையாயிற்று.

இத்திட்டத்தில் புதிய மருந்து ஏதும் இல்லை. விலையுயர்ந்த இயந்திரமும் இல்லை. நாடெங்குமுள்ள சிகிச்சையாளர்கள் ஒரே அறிவை, ஒரே ஒழுங்கில், ஒரே அளவுகோலோடு மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இதிலுள்ள புதுமை. ஆகையால் திட்டத்தின் அடித்தளமே சிகிச்சையாளர் பயிற்சியாக அமைந்தது.

இரண்டு நாள் பயிற்சி

ஏற்கனவே பட்டம் பெற்றுப் பணிபுரியும் சிகிச்சையாளர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தப்படுகிறது. இரண்டு நாளில் என்ன கற்றுவிட முடியும் என்று தோன்றலாம். உடற்கூறும் தசைகளின் இயக்கமும் அவர்கள் முன்பே கற்றவை. அவற்றின்மேல் மூன்று செய்திகளை இவ்வகுப்பு ஏற்றி வைக்கிறது.

முதலாவது, ஆய்வுச் சான்றுகளைப் படித்து எடைபோடும் அறிவு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு சான்று உண்டு, எது வெறும் வழக்கத்தால் தொடர்ந்து வருகிறது என்பதை அவர்கள் கற்கிறார்கள். வலி கண்டவுடன் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் பழக்கம் சிகிச்சையாளரிடமே இருக்கக்கூடும். தாமே அஞ்சுகின்ற ஒருவர் நோயாளியின் அச்சத்தை நீக்க இயலாது.

இரண்டாவது, நரம்பு-தசைப் பயிற்சி என்னும் முறை. தசையை வலுவாக்குவதோடு மட்டும் இது நிற்பதில்லை. உடல் அசையும்போது மூட்டு உறுதியாக நிற்குமாறு தசைகளைப் பழக்குவதும் இதன் நோக்கம். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், படியில் ஏறி இறங்குதல், வழுக்கும் துணியின்மேல் காலை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துதல், ரப்பர்ப் பட்டையைக் காலில் மாட்டி இழுத்தல், இடுப்பையும் வயிற்றையும் உறுதிப்படுத்தல் போன்றவை இதில் அடங்கும். இடுப்பு, முழங்கால், பாதம் ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றனவா, முழங்கால் உட்புறமாகச் சரிகிறதா என்று பார்ப்பதே சிகிச்சையாளரின் தலையாய வேலை. ஒவ்வொரு பயிற்சிக்கும் எளிது முதல் கடினம் வரை படிநிலைகள் உண்டு. எத்தனை முறை செய்தார் என்பதைக் காட்டிலும் எவ்வளவு செம்மையாகச் செய்தார் என்பதே கவனிக்கப்படுகிறது. செம்மையாகச் செய்ய முடிந்தவரை அடுத்த நிலைக்கு உயர்த்துகிறார்கள்.

மூன்றாவது, வலியைப் பற்றி நோயாளியோடு பேசும் முறை. வலியே இல்லாத நிலையைச் சுழி என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் வைத்துக்கொண்டு, தம் வலி எத்தனை என்று நோயாளியே சொல்ல வேண்டும். பயிற்சியின்போது 2 வரை இருந்தால் அச்சமில்லை. 5 வரை ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் பயிற்சியின் கடுமையைக் குறைக்க வேண்டும். பயிற்சியால் கூடிய வலி 24 மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் மூட்டுக்குக் கேடில்லை என்று கொள்ளலாம். “வலித்தால் நிறுத்து” என்பதும் தவறு, “பல்லைக் கடித்துக்கொண்டு செய்” என்பதும் தவறு என்று நோயாளி உணர்கிறார். தம் உடலைத் தாமே அளந்தறியும் கோல் ஒன்று அவர் கையில் கிடைக்கிறது.

பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெற்றவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிச் சிகிச்சையைத் தொடங்குகின்றனர். நோயாளிகளுக்கு முதலில் இரண்டு விளக்க வகுப்புகள். பிறகு வாரத்திற்கு இரண்டாக ஆறு வாரங்களில் 12 பயிற்சி அமர்வுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சிகிச்சையாளரின் மேற்பார்வையில் சிறு குழுவாகச் செய்கிறார்கள். பல இடங்களில் மூன்றாவதாக ஒரு விளக்க வகுப்பும் உண்டு. அதனை நடத்துபவர் சிகிச்சையாளர் அல்லர். முன்பே இப்பயிற்சியை முடித்த நோயாளி ஒருவர். வலியோடு வாழ்ந்து பயன் கண்டவர், தம்மைப்போன்ற மற்றவர்களுக்கு ஆசிரியராகிறார். கல்விச் சங்கத்தைச் சேர்ந்தவர்களாகிய நாம் இந்த ஏற்பாட்டின் பெருமையை நன்கு உணர முடியும்.

கணக்கு வைக்கும் கடமை

இத்திட்டத்தில் சேரும் சிகிச்சையாளர் மற்றுமொரு கடமையையும் ஏற்றுக்கொள்கிறார். நோயாளியின் நிலையைத் தொடக்கத்திலும், மூன்று மாதத்திலும், பன்னிரண்டாம் மாதத்திலும் அளந்து பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது, 40 மீட்டர் தூரத்தை எவ்வளவு விரைவாக நடக்க முடிகிறது என்னும் எளிய சோதனைகள் நடத்தப்படுகின்றன. வலியும், மாத்திரைப் பயன்பாடும், வாழ்க்கை நிலையும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.

2017ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்வுடைய 9,825 பேரின் விவரங்களைத் தந்தது. நூறு புள்ளி அளவுகோலில் அவர்களது வலி மூன்று மாதத்தில் சராசரியாகச் சுமார் 12 புள்ளிகள் குறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வலி மாத்திரை உட்கொள்வோரின் தொகையும் குறைந்தது. பின்னர் கனடா, ஆஸ்திரேலியா, சீனா, சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து முதலிய நாடுகளும் இத்திட்டத்தை ஏற்றன.

உண்மையின் மறுபக்கம்

நன்மையை மட்டும் சொல்லி முடித்தால் அது விளம்பரமாகிவிடும். இளைஞர்களுக்கு விளம்பரம் வேண்டியதில்லை. ஆராயும் பழக்கமே வேண்டும்.

பதிவேட்டுக் கணக்கில் ஒரு குறை உண்டு. சிகிச்சை பெறாத மற்றொரு குழுவோடு அதில் ஒப்பீடு இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் சிகிச்சையை நாடி வருகிறார்கள். அவ்வலி தானாகவும் சிறிது தணியக்கூடும். இதனைச் சோதிக்க டென்மார்க்கிலேயே ஓர் ஆய்வு நடந்தது. 206 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இந்தப் பயிற்சியையும், மற்றொரு பிரிவினருக்கு முழங்காலில் நான்கு முறை வெறும் உப்புநீர் ஊசியையும் அளித்தனர். ஊசியில் இருப்பது உப்புநீரே என்பதையும் மறைக்காமல் கூறினர். இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வலி குறைந்தது. ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டு மருத்துவ இதழில் அச்சாயிற்று. தம் நாட்டில் பெரும் புகழ் பெற்ற ஒரு சிகிச்சையை அந்நாட்டு ஆய்வாளர்களே இவ்வாறு உரைகல்லில் உரைத்துப் பார்த்தார்கள். வந்த முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

இதைக் கொண்டு பயிற்சி பயனற்றது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. பரிவான கவனிப்பு, நம்பிக்கை, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவற்றிற்கும் முன்னேற்றத்தில் பங்குண்டு என்பதே இதனால் தெரிவது. தசை வலுவுக்கும், நடைக்கும், இதயத்திற்கும், இரத்தச் சர்க்கரைக்கும் உடற்பயிற்சியால் நன்மை விளைகிறது. எனினும் “முற்றிலும் குணமாக்கிவிடுவேன்” என்று வாக்களிக்கும் உரிமை எந்தச் சிகிச்சையாளருக்கும் இல்லை.

அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். செயற்கை மூட்டு பொருத்தத் தகுதியான 100 பேரை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 50 பேருக்கு அறுவையும் அதன் பிறகு பயிற்சியும், 50 பேருக்குப் பயிற்சி முதலிய அறுவையற்ற சிகிச்சைகளும் தரப்பட்டன. ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதலான நலம் பெற்றனர். ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே மிகுதியாக நேர்ந்தன. அறுவையற்ற பிரிவில் 13 பேர் மட்டுமே அவ்வாண்டிற்குள் அறுவையை நாடினர். மற்றவர்களால் அதனைத் தள்ளிவைக்க முடிந்தது. முற்றிய நிலையில் அறுவை பெருந்துணை. அதற்கு முன் முயன்று பார்க்க வேண்டிய வழி பயிற்சி. இந்த வரிசையை மக்களுக்கு எடுத்துச் சொல்வதும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் கடமையே.

நம் இளைஞர்களுக்கு

1970களில் நம் குடும்பங்களில் ஒருவர் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தால் ஊரே மகிழ்ந்தது. அவர் வழியாகப் பலருக்கு எழுத்தறிவு கிட்டியது. இன்று இயன்முறைச் சிகிச்சை கற்ற ஒருவரும் ஊருக்கு அத்தகைய தொண்டினை ஆற்ற இயலும். இச்சிகிச்சையில் பாதி கற்பித்தல்தான் என்பதை டென்மார்க் அனுபவம் காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்து வழங்குவதோடு, வீடு தேடிச் சென்று இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, இயன்முறைச் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களின் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த அனைத்திந்திய ஆணையம் அமைக்க வழிவகுத்தது. ஆகவே இத்துறையில் காலடி வைப்போருக்குப் பணியும் உண்டு, மதிப்பும் உண்டு.

பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள டேனிஷ் சிகிச்சையாளரும் இரண்டு நாள் மாணவராக வந்து அமர்ந்தால்தான் அத்திட்டத்தின் சான்றிதழைப் பெற முடியும். பெருநகரில் இருந்தால்தான் கற்க முடியும், உதவ முடியும் என்பதும் மாறி வருகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முழங்கால் வலியுடைய 394 பேரிடம் நடத்திய ஆய்வை 2024ஆம் ஆண்டு வெளியிட்டனர். மூன்று மாதங்களில் ஐந்து சந்திப்புகள் வழியாகச் சிகிச்சையாளர்கள் பயிற்சி கற்பித்தனர். ஒரு பிரிவினருக்கு நேரிலும், மற்றொரு பிரிவினருக்கு வீடியோ அழைப்பிலும் அது நடந்தது. வீடியோ வழிச் சிகிச்சை நேர்முகச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. கைப்பேசி உள்ள ஒவ்வொரு சிற்றூருக்கும் இச்செய்தியில் பயன் உண்டு.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி வந்தவுடன் நடையை விட்டுவிடாதீர்கள். சந்தையில் விற்கும் எண்ணெய்க்கும், “மூட்டை மீண்டும் வளர்க்கும்” என்று கூவி விற்கும் பொடிக்கும் கூலிப் பணத்தைக் கொட்டாதீர்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, அடிபட்டுக் கால் ஊன்ற முடியாமற் போனாலோ, முழங்கால் மடக்கவும் நீட்டவும் இயலாமல் பூட்டிக்கொண்டாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மற்ற நேரங்களில் சிகிச்சையாளரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்கு உகந்த பயிற்சி எது? எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பீர்கள்? வெள்ளைக் கோட்டின்முன் கைகட்டி நிற்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாள் இருந்தது. கேட்பது அவமரியாதை ஆகாது. நன்கு பயிற்சி பெற்றவர் இக்கேள்விகளை விரும்பி வரவேற்பார்.

சங்கத்திற்கு என் யோசனை ஒன்றைச் சமர்ப்பித்து அமைகிறேன். மாலைப் பாடம் நடக்கும் நம் கூடங்களில், வாரம் இரு நாட்கள் ஒரு மணி நேரம், முழங்கால் வலியுடைய தாய்மார்களுக்கு முறையான பயிற்சி அளிக்க ஒரு சிகிச்சையாளரை அழைக்கலாம். அதற்கு வேண்டியவை சில நாற்காலிகளும், ஒரு படிக்கட்டும், கணக்கு எழுத ஒரு நோட்டுப் புத்தகமும்தான். கணக்கை எழுதும் பொறுப்பை மாணவர்கள் ஏற்கட்டும். 30 விநாடியில் தம் தாய் எத்தனை முறை எழுந்து அமர்ந்தார் என்று எழுதத் தொடங்கும் மாணவன் ஒருவன் நாளை இத்துறையைக் கற்க விரும்பக்கூடும். அவன் கற்பதற்கு வேண்டிய உதவித்தொகையை இச்சங்கம் மனமுவந்து வழங்கும் என்று நம்புகிறேன்.